நாரி நோவுக்காகத் தறியை விட வேண்டுமா?

மருதமுனையில் கைத்தறி நெய்யும் 46 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார்: "மூன்று வருடமாக நாரி நோவு. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, இடைத்தட்டு (முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை) பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். பெல்ட் கட்டி, கொஞ்சமும் குனியாமல் நேராக இருந்துதான் நெய்கிறேன், தொழுகையும் கதிரையில்தான். அப்படியும் குறையவில்லை. தறியை விட்டுவிட வேண்டுமா, அல்லது இருக்கும் முறையில் ஏதும் பிழையா?"

காலில் பலம் குறைதல், தொடை இடுக்கில் உணர்ச்சி மங்குதல், சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமை, காய்ச்சல், காரணமின்றி மெலிதல் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தால், மேற்கொண்டு வாசிக்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அவை எதுவும் இல்லையெனின், தறியை விடத் தேவையில்லை என்பதே என் கருத்து.

அந்தப் படம் உங்களை அளவுக்கு மீறிப் பயமுறுத்தியிருக்கிறது. நோவே இல்லாதவர்களின் முள்ளந்தண்டுப் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், நாற்பது வயதினரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இடைத்தட்டுப் பிதுக்கம் காணப்பட்டது. ஆகவே பிதுக்கம் இருப்பதனால் மட்டும் அதுவே உங்கள் நோவுக்குக் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவில், பழைய காயத்தைவிட, நரம்பு மண்டலம் கூடுதலாக விழிப்படைந்திருப்பதும், நோகுமோ என்ற பயத்தில் இடுப்புத் தசைகளை நாள் முழுவதும் இறுக்கிப் பிடித்திருப்பதும் பெரும்பாலும் பெரிய பங்கு வகிக்கின்றன. நீங்கள் பாதுகாப்பு என்று நம்பிச் செய்துவரும் அந்த 'நேராக இருத்தல்' இப்போது அவ்விறுக்கத்துக்கே தீனி போடுகிறது என்று நினைக்கிறேன்.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சரியான இருப்பு என்று எதுவும் இல்லை. மாற்ற வேண்டியது அசையும் விதத்தைத்தான். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பின் அடிப்பகுதியைப் பாயில் மெதுவாக அழுத்தியும் விட்டும் பாருங்கள். பிறகு இரு முழங்கால்களையும் சேர்த்து இடமும் வலமும் சிறிதளவு சாயுங்கள். இதில் பலத்துக்கு வேலை இல்லை. மூச்சு அடைபடாமல் ஓடுகிறதா என்பதைக் கவனிப்பதே பயிற்சி. மூச்சைப் பிடித்தீர்களானால் அசைவின் அளவைப் பாதியாக்குங்கள். இது இலகுவான பின், நின்றுகொண்டு, தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் விரல்களை வைத்து, பிட்டத்தைப் பின்னே தள்ளிக் குனியப் பழகுங்கள். வளைவு முழுவதையும் நாரியே சுமக்காமல், இடுப்பு மூட்டுகளும் பங்கெடுக்கக் கற்றுக்கொள்கின்றன.

தறியில் அமரும் பலகை தாழ்வாக இருந்தால், மடித்த துணியை வைத்து, தொடைகள் முழங்காலை நோக்கிச் சற்றே சரியும்படி உயர்த்துங்கள். மிதிக்கும்போது இடுப்பு பின்னோக்கி மடிவது குறையும். அறுந்த நூலை முடிய முன்னே சாய்வதை இனித் தவிர்க்க வேண்டாம், அந்த மடிப்பிலிருந்து சாயுங்கள். அரை மணித்தியாலத்தில் நோவு தொடங்குமானால், நோவு வரும்வரை காத்திராமல், இருபது நிமிடத்தில் எழுந்து இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். ஓடர் முடிக்கும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இந்த இரண்டு நிமிடம்தான். அந்த இருபது நிமிடத்தைக் கிழமைக்கு ஓரிரு நிமிடமாகக் கூட்டலாம். பயிற்சிக்குப் பின் சற்று நோவு கூடி மறுநாளுக்குள் அடங்கினால் கவலையில்லை. அடங்காவிட்டால் அளவைக் குறையுங்கள்.

தொழுகையைப் பொறுத்தவரை, மார்க்கச் சலுகை பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் ருகூவும் (குனிதல்) சுஜூதும் (நெற்றியை நிலத்தில் வைத்தல்) இடுப்பு, முழங்கால், முதுகு மூன்றையும் முறையாக மடக்கி நிமிர்த்துகின்றன. ஒரு வக்தை (ஒரு வேளைத் தொழுகையை) மட்டும் நிலத்தில் தொழத் தொடங்கி, எழும்பும்போது கதிரையில் கையூன்றி, பின்னர் மற்ற வக்துகளுக்கும் விரிவாக்கலாம்.

நாட்பட்ட நாரி நோவுக்கு இடுப்புப் பட்டி வழக்கமான சிகிச்சையாகப் பயன்படுத்தப்படக் கூடாது என்றே உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. அதற்காக ஒரே நாளில் கழற்றிவிட வேண்டாம். முதலில் வீட்டு வேலையின்போதும், சில கிழமைகள் கழித்துத் தறியிலும் விலக்குங்கள். கல்முனையிலோ மட்டக்களப்பிலோ இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) போகும்போது, நீங்கள் நெய்வதைப் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் பதிவு செய்து, எம்.ஆர்.ஐ. படத்தோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். எந்த அசைவில் நாரி இறுகுகிறது என்பதை அந்தப் பதிவில் அவரால் நேரே பார்க்க முடியும்.