ஆய்வுக் கட்டுரைகள் இலவசமாகவே கிடைத்தால் பல்கலைக்கழக நூலகத்துக்கு என்ன வேலை?

வேலை குறையவில்லை, மாறிவிட்டது. முதலில் அந்த 'இலவசம்' படிப்பவருக்கு மட்டும்தான். பல இதழ்களில் எழுதியவர் தரப்பு, அதாவது அவருடைய பல்கலைக்கழகமோ நிதி தரும் அமைப்போ, கட்டுரைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். நேச்சர் இதழ் 2021-இல் இதற்கு வைத்த விலை 9,500 யூரோ!

முன்பு நூலகம் இதழை வாங்கி அலமாரியில் வைத்தால் அது அதன் சொத்து. மின்னிதழில் பெரும்பாலும் வாங்குவது படிக்கும் உரிமம்தான், ஒப்பந்தத்தில் சரியாக எழுதி வாங்காவிட்டால் சந்தாவை நிறுத்தியதும் பழைய இதழ்களும் சேர்ந்தே போய்விடும். அப்புறம் பதிப்பகங்கள் நூற்றுக்கணக்கான இதழ்களை ஒரே மூட்டையாகக் கட்டி விற்கின்றன, நமக்குத் தேவை பத்துதான் என்றாலும். செலவைக் குறைக்கவும் திறந்த அணுகலை, அதாவது கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கும் வசதியை, சேர்க்கவும் கேட்டு, ஒத்துவராமல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019-இல் எல்செவியர் பதிப்பகத்தின் சந்தாவையே விட்டது. 2021-இல் மறுபடி கையெழுத்தானபோது படிப்பதும் வெளியிடுவதும் ஒரே ஒப்பந்தத்துக்குள் வந்தன.

ஆக, இன்றைய நூலகர் பாதி நேரம் பேரம் பேசுகிறார். மீதி நேரத்தில் சொந்த ஆசிரியர்களின் கட்டுரைகளையும் தரவுகளையும் நிறுவனக் களஞ்சியத்தில், அதாவது பல்கலைக்கழகத்தின் சொந்த மின்சேமிப்பகத்தில், சேர்க்கிறார். (இதழில் வெளியாகும் முன்பே கட்டுரையின் முன்வரைவைப் பொதுவில் வைக்கும் பழக்கம்கூடப் புதிதல்ல, இயற்பியலாளர்கள் 1991-இலிருந்தே ஆர்க்கைவ் தளத்தில் செய்வதுதான்.) காசு பறிக்கும் போலி இதழ்களை அடையாளம் காட்டுவதும் அவர் தலையில்தான், அதனால் எங்கேயாவது பணம் கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை அவரிடம் காட்டிவிடுங்கள்.