ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளில் ஃப்ளிப் சிப்பை லோவில் வைப்பதா, ஹையில் வைப்பதா?

போடி பக்கம் ஓட்டுகிறேன், 150 மி.மீ. ட்ராவல் (சக்கரம் மேலும் கீழும் அசையும் அளவு) வண்டி, ஃப்ளிப் சிப்பை, அதாவது பின் சஸ்பென்ஷன் மூட்டில் திருப்பிப் போட்டு வண்டியின் உயரத்தையும் சாய்வையும் மாற்றுகிற சின்னத் துண்டை, எல்லாரும் லோவில் போடச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஹையிலேயே விடுங்கள் என்பேன்.

லோவில் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க்கின் சாய்வு) அரை டிகிரி சாயும், பாட்டம் பிராக்கெட் (பெடல் சுற்றும் அச்சு) 5 முதல் 10 மி.மீ. வரை இறங்கும். வேகமான இறக்கத்தில் வண்டி தடுமாறாமல் போகும், அது உண்மை. ஆனால் வீடியோவில் லோவைப் புகழ்கிற ஆட்கள் பாதிப்பேர் பைக் பார்க் லிஃப்டில் மலைக்கு மேலே போய் இறங்குகிறவர்கள். நமக்குப் போடிமெட்டுக்கே 17 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டர் ஏற்றம், எல்லாம் சொந்தக் கால்தான். லோவில் சீட் ஆங்கிளும் அதே அரை டிகிரி பின்னால் போவதால் செங்குத்தான இடத்தில் முன்சக்கரம் மிதக்கும். அதையாவது சீட்டை ரெயிலில் 5, 6 மி.மீ. முன்னால் தள்ளிச் சரிக்கட்டிவிடலாம்.

பெடல் இடிப்பதுதான் பெரிய தொல்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை போகும் ஜீப் பாதையைப் பார்த்திருப்பீர்கள், நம் பக்கத்துத் தடங்களில் பலதும் அந்த மாதிரிக் கல்தான். ஏறும்போது மிதிப்பதை நிறுத்த முடியாது, நிறுத்தினால் கால் ஊன்ற வேண்டியதுதான். அந்த நேரத்தில் கீழே வருகிற பெடல் ஒரு கல்லில் டங்கென்று இடித்தால் பின்சக்கரம் ஒரு பக்கம் எகிறும், ஆள் மறுபக்கம் சாய்வார். லோதான் வேண்டும் என்றால் கிராங்கையும் (பெடல் மாட்டியிருக்கிற கை) மாற்றுங்கள், 175 மி.மீ. நீளத்திலிருந்து 165-க்கு வந்தால் 10 மி.மீ. திரும்பக் கிடைக்கும்.

அதற்கெல்லாம் முன்னால் சாக் (sag, ஆள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு) எவ்வளவு என்று பார்த்தீர்களா? பின் ஷாக்கின் ஸ்ட்ரோக் (அது அமுங்கக்கூடிய முழு நீளம்) 55 மி.மீ. என்றால் 30 சதவீத சாக்குக்கு, நீங்கள் ஏறி உட்கார்ந்து இறங்கியதும் ஷாக் தண்டில் இருக்கிற ரப்பர் வளையம் (ஓ-ரிங்) 16, 17 மி.மீ.யில் நிற்க வேண்டும். ஷாக்கில் காற்று குறைந்து 35 சதவீதம் ஆகியிருந்தால் பின்பக்கம் 7 மி.மீ.க்கு மேல் கூடுதலாக உட்கார்ந்திருக்கும். அப்படியானால் சிப்பைத் தொடாமலே பாதி லோவில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்! தண்ணீர்ப் பை, டூல் எல்லாம் மாட்டிக்கொண்டு அளந்து பாருங்கள், வீட்டு வாசலில் லுங்கியோடு அளந்தால் கணக்கு வராது.

சரி, மாற்றித்தான் பார்ப்பேன் என்றால் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு போல்ட்டைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பின்பாகம் சட்டென்று தொங்கிவிடும். சிப்பில் துளை நடுவில் இருக்காது, ஒரு ஓரமாக இருக்கும், அதைத்தான் திருப்பிப் போடுகிறோம். இரண்டு பக்கமும் ஒரே திசையில் இருக்கிறதா என்று ரெண்டு தடவை பாருங்கள், மாறிப்போனால் சஸ்பென்ஷன் லிங்க் முறுக்கிக்கொண்டு பேரிங் காலி. ஃபிரேமில் எழுதியிருக்கிற நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம். அப்புறம் சாக்கை மறுபடி அளக்க வேண்டும், சில வண்டிகளில் லிவரேஜும் (சக்கரம் ஷாக்கை அமுக்கும் விகிதம்) கொஞ்சம் மாறும்.

பின்னால் 27.5 இன்ச் சக்கரம் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் கணக்கே வேறு. 29 இன்ச்சை விடப் பின்சக்கர அச்சு 19 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும், அதோடு லோவையும் சேர்த்தால் பெடல் எல்லாக் கல்லையும் எண்ணிக்கொண்டுதான் போகும்.