அப்பாவின் உள்ளங்கால் கரும்புள்ளிக்கு எருக்கம்பால் வேண்டாம்

தம்பி, உசிலம்பட்டியில் இருக்கும் அப்பாவுக்கு உள்ளங்காலில் ஆறு மாதமாகக் கரும்புள்ளி பரவுகிறது, வைத்தியர் எருக்கம்பாலும் சேங்கொட்டையும் வைத்துச் சுடலாம் என்கிறார், கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயமுறுத்துகிறார் என எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை வைக்க விடாதீர்கள்.

அது புற்றுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் போன்ற கருந்தோல்காரர்களுக்கு மெலனோமா என்னும் தோல் புற்று அதிகம் வருவது உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான். பாடகர் பாப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்ததும் கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான்.

திருமங்கலத்தில் என் பெரியப்பாவுக்கு இப்படித்தான் சுட்டார்கள். பொருக்கு உதிர்ந்ததும் குணமாகிவிட்டது என்று கிடா வெட்டிப் பொங்கல் வைத்தோம். எரிந்தது மேல்தோல் மட்டும். அடியில் அது வளர்ந்துகொண்டே இருந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்படி வீணாய்ப் போன எட்டு மாதத்தை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

இதில் அது தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு. மெல்லியதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் குணமாகும். பயாப்ஸி, அதாவது சோதனைக்காகச் சதை வெட்டி எடுப்பதால் பரவாது. சுட்டுவிட்டால் அந்தச் சோதனையே சிக்கலாகிவிடும்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பழைய போட்டோ இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அப்புறம், வைத்தியர் ஏற்கெனவே ஏதாவது தடவியிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அப்பாவுக்குத் தொடை இடுக்கில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா?