கம்பஸா, தனியாரா, நடுவில் மாறலாமா? பொருளியல் பிள்ளைகள் கேட்டவை

உயர்தர வெட்டுப்புள்ளி வெளிவந்த நாளிலிருந்து வரும் கேள்விகளைச் சேர்த்து வைத்து இங்கே பதில் எழுதுகிறேன். நான் கிளிநொச்சியில் உயர்தரப் பொருளியல் படிப்பிக்கிறேன். அதற்கு முதல் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒரு வருடம் பொருளியல் படித்தேன். பிறகு அதை விட்டு, மறுபடி சோதனை எடுத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போனேன். கேட்டவர்களின் பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

முள்ளியவளை: ரீச்சர், எனக்கு யாழ்ப்பாணம் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. கொழும்பில் ஒரு தனியார் கம்பஸ் பொருளியல் பட்டத்துக்கு அரைவாசிக் கட்டணத்தைக் கழித்துத் தருகிறோம் என்கிறது. கொழும்புப் பட்டத்துக்குத்தான் மதிப்பு என்று மாமா சொல்கிறார். எதை எடுக்கட்டும்?

யாழ்ப்பாணத்தை எடுங்கள், தங்கச்சி. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். கலைப்பீடம் கிடைத்துவிட்டது என்றால் பொருளியல் சிறப்புப் பட்டமும் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. முதல் வருடம் வேறு பாடங்களோடு சேர்த்துத்தான் பொருளியல் படிப்பீர்கள். அந்த வருடப் பெறுபேற்றை வைத்துத்தான் சிறப்புக் கற்கைக்கு ஆள் எடுப்பார்கள். "முதல் வருடம்தானே" என்று விட்டவர்கள் மூன்று வருடப் பொதுப்பட்டத்தோடு வெளியே வந்ததை என் கூட்டாளிகளிலேயே பார்த்தேன். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பொதுப்பட்டம் 90 கிரெடிட் (படிப்பின் அளவை எண்ணும் அலகு), சிறப்புப் பட்டம் 120. அந்த நான்காவது வருடத்தில்தான் ஆய்வுக்கட்டுரை எழுதுவீர்கள். பொருளியல் படித்தோம் என்று சொல்லும் தைரியம் எனக்கு அந்த வருடத்தில்தான் வந்தது.

இனி காசு. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயாக இருந்தது, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள். விடுதி, சாப்பாடு, போட்டோக்கொப்பி எல்லாவற்றுக்கும் அது போதாதுதான். ஆனாலும் வீட்டுக் காணியில் கை வைக்க வேண்டி வராது.

மாமாவிடம் ஒன்று கேளுங்கள்: அரைவாசிக் கழிவு முதல் வருடத்துக்கு மட்டுமா, முழுப் பட்டத்துக்குமா? புள்ளி குறைந்தால் கழிவும் போய்விடுமா? இதற்கு எழுத்தில் பதில் தராத இடத்துக்குப் போகவேண்டாம். தனியாருக்கு உண்மையான ஒரு நன்மை இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன்: குறித்த காலத்தில் முடியும். 2024 இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் அரச பல்கலைக்கழகங்கள் இரண்டு மாதத்துக்கு மேல் முடங்கிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம்.

புதுக்குடியிருப்பு, ஒரு தகப்பன்: பிள்ளை, மகனுக்கு வெட்டுப்புள்ளி மட்டுமட்டாகத் தவறிவிட்டது. வயல் உறுதியை வங்கியில் வைத்துத் தனியாரில் சேர்க்கலாமா?

வேண்டாம் ஐயா. இந்த வருடம் வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்தை மூன்று முறை எழுதலாம். மட்டுமட்டாகத் தவறிய பிள்ளைக்கு இன்னொரு முறை எழுதுவதுதான் செலவு குறைந்த வழி. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பவை. நம்முடைய பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் புள்ளி வித்தியாசம்கூட இடத்தை மாற்றிவிடும்.

திரும்ப எழுதியும் கிடைக்காவிட்டால், உறுதியை எடுப்பதற்கு முதல், அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடனைப் பாருங்கள். அரச சார்பற்ற உயர்கல்வி நிறுவனங்களில் தெரிவு செய்யப்பட்ட சில பட்டங்களுக்கு அது கிடைக்கும், வட்டியை அரசாங்கம் கட்டும். காலபோகம் பிழைத்த வருடத்திலும் வங்கித் தவணை தவறாமல் வரும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

விசுவமடு: அக்கா, நான் கொழும்பில் தனியாரில் பொருளியல் முதல் வருடம் முடித்துவிட்டேன். படித்த கிரெடிட்டை எடுத்துக்கொண்டு அரச பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் சேர முடியுமா?

முடியாது, தம்பி. அமெரிக்காவில் செய்வதுபோல நடுவில் வந்து சேரும் பாதை இங்கே இல்லை. அரச பல்கலைக்கழகத்தின் உள்வாரிப் படிப்புக்குள் போக உயர்தரமும் இசட் புள்ளியும்தான் வாசல். உள்ளே போனால் முதல் வருடத்திலிருந்துதான். நானும் அப்படித்தான் போனேன். படித்த நுண்பாக பொருளியலை மறுபடி படித்தேன். அந்த ஒரு வருடம் வீண் என்று அம்மா அழுதார். எனக்கு அது வீணாகப் போகவில்லை, ஆங்கிலத்தில் பொருளியல் வாசிக்க அங்கேதான் பழகினேன்.

வேறொரு தனியார் நிறுவனத்துக்கோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ மாறுவதென்றால் கதை வேறு. அங்கே கிரெடிட் மாறும். ஆனால் இலங்கைக் கிரெடிட் ஒன்று 50 மணித்தியாலப் படிப்பு, பிரித்தானியாவின் கிரெடிட் ஒன்று 10 மணித்தியாலம். எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். புதிய இடம் பார்ப்பது பாடத்திட்டத்தைத்தான். "பொருளியல் அறிமுகம்" என்ற ஒரு வரி போதாது. வாரம் வாரமாக என்ன படிப்பித்தார்கள், எந்தப் புத்தகம், எத்தனை மணித்தியாலம், எப்படிப் புள்ளி போட்டார்கள் என்று எல்லாம் வேண்டும்.

நான் விலகியபோது இதைத் தெரியாமல் போனேன். பெறுபேற்றுத் தாளைக் கேட்டால், வராத இரண்டாம் வருடத்தின் முற்பணம் கட்டவில்லை என்று இழுத்தடித்தார்கள். இரவு பஸ்ஸில் கொழும்பு போய், காலையில் அந்தக் கருமபீடத்துக்கு முன்னால் நின்று, பின்னேரம் வெறுங்கையோடு திரும்பியது மூன்று தரம். நான்காம் தரம் அப்பா வந்து, சேர்ந்த நாளில் கையெழுத்திட்ட பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். விலகினால் முற்பணம் கட்ட வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. அன்றைக்கே தாள் வந்தது. ஆகவே தம்பி, கையெழுத்திட்ட பத்திரம் ஒவ்வொன்றின் கொப்பியையும் வைத்திருங்கள். ஒவ்வொரு அரையாண்டு முடிவிலும் பாடத்திட்டத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் முத்திரை குத்தி வாங்குங்கள். விலகும்போது கேட்டால் தாமதமாகும், படிக்கும்போது கேட்டால் உடனே தருவார்கள்.

மல்லாவி: யாழ்ப்பாணத்தில் பதிந்துவிட்டு, அடுத்த வருடம் கூடிய புள்ளி எடுத்துக் கொழும்புக்கு மாறலாமா?

இதில்தான் பல பிள்ளைகள் சறுக்குகிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தெரிவில் ஒரு அரச பல்கலைக்கழகத்தில் பதிந்தவர் அடுத்த வருடத் தெரிவுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்பதே பொது விதி. பதியும் முன் யோசியுங்கள். அனுமதிக் கைநூலைத் தமிழிலேயே தருகிறார்கள். முழுவதையும் வாசியுங்கள், ரியூசன் வாசலில் கேட்ட கதையை நம்பாதீர்கள்.

நெடுங்கேணி: நான் வர்த்தகப் பிரிவு. பொருளியல் படிக்கக் கலைப்பீடம்தான் போக வேண்டுமா?

இல்லை. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பீடத்தில் வணிகப் பொருளியல் துறை இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டும் என்றால், 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது, அங்கே வணிகக் கற்கைகளுக்கு ஒரு பீடம் உண்டு.

ஒட்டுசுட்டான்: தனியார் பட்டத்தோடு அரச வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

அங்கீகாரம் இருந்தால் ஆம். உள்நாட்டு நிறுவனம் என்றால், 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறது என்றால் அதன் எல்லாப் பட்டத்துக்கும் இருக்கிறது என்று இல்லை. வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பாருங்கள். தனியார் கல்லூரிகள் படிப்பிக்கும் லண்டன் பல்கலைக்கழகப் பொருளியல் பட்டம் நல்ல பட்டம்தான், அதன் பாடங்களை லண்டன் பொருளியல் கல்லூரியான எல்எஸ்இ வழிநடத்துகிறது. ஆனால் பரீட்சை கடினம், ஆங்கிலம் இல்லாமல் அதற்குள் இறங்கவே கூடாது.

துணுக்காய்: எனக்குக் கணிதம் வராது ரீச்சர். பொருளியல் சரிவருமா?

எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட இந்தக் கேள்வி முக்கியம். வகையீடு, புள்ளிவிபரவியல், பொருளியலளவையியல் (தரவை வைத்துப் பொருளியலை அளக்கும் பாடம்) மூன்றும் இல்லாமல் பொருளியல் பட்டம் தருகிற இடம் உங்களுக்கு இலேசாக இருக்கும், ஆனால் முதுமாணிக்குப் போகும்போது கதவைச் சாத்திவிடும். வராது என்பது பெரும்பாலும் யாரும் ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை என்பதுதான். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை எத்தனை ஏக்கருக்குத் திறந்தால் கடைசி ஏக்கரில் எவ்வளவு நெல் கூடும் என்று உங்கள் அப்பா மனதில் போடுகிற கணக்குதான் எல்லை விளைவு. அதை எழுதும் முறைதான் வகையீடு. சோதனை முடிந்த மாதங்களில் சாதாரணதரக் கணிதப் புத்தகத்தை எடுத்து, சமன்பாடும் வரைபும் இரண்டு அத்தியாயம் செய்துபாருங்கள். பிடிபடாவிட்டால் சனிக்கிழமை பின்னேரம் வாருங்கள், சேர்ந்து செய்வோம்.

மாங்குளம், ஒரு தாய்: பகிடிவதைக்குப் பயந்து மகளைத் தனியாருக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.

உங்கள் பயம் நியாயமானது அம்மா. பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். முறையிட்டால் நடவடிக்கை எடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. மகள் ஒவ்வொரு நாளும் உங்களோடு கதைக்கட்டும், நடப்பதை மறைக்காமல் சொல்லட்டும். இதற்காக மட்டும் ஒரு நல்ல இடத்தை விடவேண்டாம்.

பரந்தன்: சித்தி குடும்பம் கலிபோர்னியாவில். தங்கச்சி அங்கே இரண்டு வருடச் சமூகக் கல்லூரியில் பொருளியல் படிக்கிறாள், இனி அரச பல்கலைக்கழகத்துக்கா தனியாருக்கா மாறுவது என்று கேட்கிறாள்.

அவளுக்கு நடுவில் மாறும் பாதை நன்றாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அசிஸ்ட் என்ற இணையத்தளத்தில் எந்தக் கல்லூரிப் பாடம் எந்த அரச பல்கலைக்கழகப் பாடத்துக்குச் சமம் என்று இருக்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ், அர்வைன், சாண்டா பார்பரா உட்பட ஆறு வளாகங்கள் நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்கு இடம் உறுதி தருகின்றன. பெர்க்லியும் லொஸ் ஏஞ்சலிசும் அந்த உறுதியைத் தருவதில்லை. வகையீட்டையும் புள்ளிவிபரவியலையும் மாறுவதற்கு முதலே முடிக்கச் சொல்லுங்கள். தனியார் என்றால் அறிவித்த கட்டணத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அந்தக் கட்டணமே இறுதி என்று நம்பவும் வேண்டாம். உதவித்தொகை கழிந்த பிறகு கையிலிருந்து எவ்வளவு என்று இரண்டு இடமும் அனுப்பும் உதவித்தொகைக் கடிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். மாநில வதிவிடத் தகுதி இல்லாவிட்டால் அரச பல்கலைக்கழகமும் மலிவாக இராது.

கிளிநொச்சி: கடையில் வேலை செய்கிறேன். விட முடியாது. எனக்கு ஏதாவது வழி?

திறந்த பல்கலைக்கழகம். அரச பல்கலைக்கழகம்தான், ஆனால் கட்டணம் உண்டு, அதைப் பாடம் பாடமாகக் கட்டலாம். சமூக விஞ்ஞானப் பட்டத்தில் பொருளியல் இருக்கிறது. விண்ணப்பம் திறந்ததும் சொல்கிறேன், தம்பி, அடையாள அட்டைக் கொப்பியையும் உயர்தரச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள்.