கேமரா கேள்வி - பதில்

கே: 1980-களில் எடுத்த கலர் நெகட்டிவ்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. சிலவற்றில் பூஞ்சை. ஸ்கேனர் இல்லாமல் டிஜிட்டல் கேமராவாலேயே இவற்றைப் படமாக்க முடியுமா?
- வாசகர், கும்பகோணம்

ப: தாராளமாக. மலிவு விலை ஸ்கேனரைவிட நன்றாகவே வரும். ஆனால் முதலில் பூஞ்சையைக் கவனியுங்கள். தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள். படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு, பூஞ்சை அரித்த இடத்தில் தண்ணீர் பட்டதும் கரைந்து, படமும் கூடவே போய்விடும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒரே திசையில், அழுத்தாமல் துடையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதம் உதவாது, மிச்சம் தண்ணீர்தானே! வினிகர் வாடை அடிக்கும் ரோல் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள்; அந்த அமில ஆவி பக்கத்து ரோலையும் கெடுக்கும்.

35 மி.மீ. பிரேமின் அளவு 24×36 மி.மீ. சென்சாரும் இதே அளவுள்ள ஃபுல் பிரேம் கேமரா என்றால், பொருளை அதே அளவில் பதிக்கும் 1:1 மேக்ரோ லென்ஸ் வேண்டும். சென்சார் சிறிதான ஏபிஎஸ்-சி கேமரா என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கு உருப்பெருக்கம் போதும். நெகட்டிவுக்கு அடியில், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 95-க்கு மேலுள்ள எல்இடி லைட் பேட். செல்போன் திரையை வைத்தால் அதன் புள்ளிகளும் சேர்ந்து பதியும்.

பலரும் கோட்டைவிடுவது கேமரா சாய்வில்தான். நெகட்டிவ் இருக்கவேண்டிய இடத்தில் சின்னக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது. பிறகு ஃபிலிமின் பளபளப்பில்லாத பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும். இடவலம் மாறுவதைக் கம்ப்யூட்டரில் திருப்பிக்கொள்ளலாம். சுற்றிலும் கறுப்பு அட்டை, அறை விளக்கு அணைப்பு, ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிப்பது), 2 விநாடி டைமர்.

கலர் நெகட்டிவில் ஆரஞ்சு சாயல் உண்டு. படம் பதியாத ஓரத்தில் வொயிட் பேலன்ஸ் எடுத்துவிட்டு, அதன்பிறகு கம்ப்யூட்டரில் நிறங்களைத் தலைகீழாக்கி பாசிட்டிவாக்குங்கள். நேரே தலைகீழாக்கினால் படம் முழுக்க நீலம் பாயும். கறுப்பு வெள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊட்டியில் தயாரான 'இந்து' (Indu) பிராண்டு கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோல்கள் கிடந்தால் முதலில் அவற்றில் கைபழகலாம்.

கே: பழைய நிக்கான் 50 மி.மீ. லென்ஸைச் சோனி மிரர்லெஸ்ஸில் மாட்டலாமா?
- வாசகி, மதுரை

ப: மாட்டலாம். லென்ஸ் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் நிக்கானில் 46.5 மி.மீ. இடைவெளி, சோனி இ மவுண்டில் 18. வித்தியாசமான 28.5 மி.மீட்டரை நிரப்பும் வெறும் குழாய்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் வேண்டாம். மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' வசதியை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் க்ளிக் ஆகாத கேமராக்கள் உண்டு. பாடியிலேயே ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி) இருந்தால், அதில் லென்ஸின் குவிய நீளத்தை 50 என்று பதியுங்கள். எஃப்/1.8-இல் ஃபோகஸான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் பீக்கிங்கை நம்பாமல், திரையைப் பெரிதாக்கிக் கண்ணிமையில் ஃபோகஸ் பிடியுங்கள்.

கே: ஃபிலிமில் இல்லாத தொல்லை, டிஜிட்டலில் வானம் வெள்ளையாகிவிடுகிறதே?
- வாசகர், சேலம்

ப: நெகட்டிவ் ஃபிலிமுக்கு வெளிச்சம் ஒரு ஸ்டாப் (அதாவது இருமடங்கு) கூடினாலும் பரவாயில்லை, குறைந்தால்தான் நிழலில் விவரம் போகும். சென்சார் நேர் எதிர்: வெளுத்த இடம் திரும்பி வராது. வெயிலில் எக்ஸ்போஷரை 2/3 ஸ்டாப் குறைத்து ராவில் எடுங்கள், நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெளிச்சம் கூடினால் வெளுத்துவிடும் ஸ்லைடு ஃபிலிம் போட்டவர்களுக்கு இது பழகிய கணக்குதான்.