சிஜே 3பி ஜீப்பில் பானட் இடது முன்மூலை தூக்கி நிற்கிறதா?

பானட்டை வெட்டாதீர்கள். பின்பக்கம் கீல் சரியாக உட்கார்ந்து, முன்னால் இடது ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலுள்ள மட்கார்டு) மட்டும் விரல் நுழையும் இடைவெளி என்றால், கோளாறு பெரும்பாலும் வலப்பக்க பாடி ரப்பரில் (பாடிக்கும் சேஸிக்கும் நடுவே வைக்கும் ரப்பர்). அது நசுங்கினால் டாஷ் சுவர் (இன்ஜினுக்குப் பின்னால், பானட் கீல் பொருந்தும் சுவர்) வலப்புறம் தாழும், பானட் இடப்புறம் எழும். புது ரப்பரையும் பழசையும் கலந்து போட்டாலும் இதே கதைதான்.

சமதளத்தில் நிறுத்தி, கிரில், ஃபெண்டர் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். டாஷ் சுவரின் இரு மேல்மூலைகளும் சேஸியிலிருந்து ஒரே உயரமா என்று டேப்பால் அளந்து பாருங்கள். வலது தாழ்ந்திருந்தால் அந்த ரப்பருக்கு அடியில் தகடு வையுங்கள். அப்புறம் டாஷ் சுவருக்கும் கிரிலுக்கும் இடையே மூலைவிட்டம் இரண்டையும் அளந்து, அவை சமமாகும்படி கிரிலை நகர்த்தி, கடைசியில் போல்ட்டுகளை முறுக்குங்கள். பெயிண்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்ஜின் ஏற்றாமல் அளந்தால் பிறகு மாறும். சேஸியே முறுகி வளைந்திருந்தால் தகடு உதவாது.