எச்.ஐ.வி. பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது? கேள்வி பதில்

கேள்வி (ஒரு தாய்): ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனிடம் இதைப் பேசினால், நாமே ஆர்வத்தைத் தூண்டிவிட்ட மாதிரி ஆகிவிடாதா?

பதில்: ஆகாதுங்க. பாலியல் கல்வி கிடைத்த பிள்ளைகள் அதனால் சீக்கிரமே உறவில் இறங்கிவிடுவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பரவும் வழிகளைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பான். தனக்கு ஒன்று என்றால் வீட்டில் சொல்லலாமா என்பதைப் புத்தகம் சொல்லாது. அது உங்களிடமிருந்துதான் தெரிய வேண்டும்.

கேள்வி (ஒரு தந்தை): பேச்சை எப்படித் தொடங்குவது? வாயே வரமாட்டேன் என்கிறது.

பதில்: உட்காரவைத்துப் பாடம் நடத்தாதீர்கள். அவர்களாகக் கேட்கும்போது பிடித்துக்கொள்ளுங்கள். "ரத்த தானம் செஞ்சா எச்.ஐ.வி. வருமாப்பா?" என்று மகள் கேட்கிறாள். "இதெல்லாம் உனக்கு எதுக்கு? யார் சொன்னா?" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது, அடுத்த கேள்வி உங்களிடம் வராது. "வராதும்மா, ஒவ்வொருத்தருக்கும் புது ஊசிதான்" என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அப்புறம், "வேற எப்படிப் பரவும்னு சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். எதைத் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறாள் என்பது தானாக வெளிவரும். உடலுறவு, ஆணுறை போன்ற சொற்களைப் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் அதையும் சொல்லிவிட்டே பேசலாம்.

கேள்வி: கொசுக்கடி, ஒரே தட்டில் சாப்பிடுவது, பொதுக் கழிப்பறை?

பதில்: எதிலும் பரவாது. கட்டிப்பிடித்தாலும் பரவாது.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி): அம்மாவிடம் கேட்டேன், திட்டிவிட்டார். இனி யாரிடம் கேட்பது?

பதில்: அந்தக் கோபத்துக்குள் பெரும்பாலும் பயம்தான் இருக்கும், கண்ணு. சித்தி, அக்கா, பள்ளி ஆலோசகர் என்று நீ நம்பும் பெரியவர் ஒருவரிடம் கேள். ஆனால் தொற்று வந்திருக்குமோ என்று பயப்படும்படி உனக்கோ தோழிக்கோ ஏதாவது நடந்திருந்தால், யாருடைய கோபமும் தணியட்டும் என்று காத்திருக்காதே. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் மாத்திரைகள் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. விருப்பமில்லாமல் நடந்திருந்தால் அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

கேள்வி (எச்.ஐ.வி.யுடன் வாழும் தாய்): 13 வயது மகனுக்குப் பிறப்பிலேயே தொற்று. 'சத்து மாத்திரை' என்று சொல்லித்தான் கொடுத்துவருகிறோம். எப்போது சொல்வது?

பதில்: இனியும் தள்ளிப்போடாதீர்கள், அம்மா. பள்ளி வயதிலேயே படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. புட்டியில் இருக்கும் பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்க்க அவனுக்கு ஒரு நிமிடம் போதும். அப்படித் தெரிந்துகொண்டால் நோயைவிட நீங்கள் மறைத்ததுதான் அவனுக்கு அதிகம் வலிக்கும். மாத்திரையை நிறுத்தவும் கூடும். தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நீடித்தால், உடலுறவு வழியாகப் பிறருக்குப் பரவாது. படிக்கலாம், வேலைக்குப் போகலாம், திருமணம் செய்துகொள்ளலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். "உன்கிட்டேருந்துதான் எனக்கு வந்துச்சா?" என்று கேட்பான். "ஆமாம்ப்பா" என்று சொல்லுங்கள்; அழுதால் சேர்ந்து அழுங்கள். சிகிச்சை மைய ஆலோசகரும் உடன் இருப்பது நல்லது. நண்பர்களில் யாரிடம் சொல்வது என்பதை அவனே முடிவெடுக்கட்டும்.